தண்டவாளத்தில் மூன்று பொட்டு

குளியலறைக் கதவுக்குத் தேங்காய் எண்ணெய் விடுகிற ஆட்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கதவு என்ன தலையா, எண்ணெய் தேய்த்துவிட? விட்ட அன்றைக்கு வழுக்கிக்கொண்டு ஓடும். நாலாம் நாள் தலைமுடியும் சோப்பும் மண்ணும் அந்த எண்ணெயில் ஒட்டிக் களியாகிவிடும். அப்புறம் இழு இழு என்று இழுத்து, கைப்பிடியைக் கையோடு பிடுங்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். அருள்நாதனிடம் இதை நூறு தடவை சொல்லியிருப்பேன். "சரிக்கா, சரிக்கா" என்பான். மறு வாரம் பார்த்தால் எண்ணெய்க் குப்பியோடு நிற்பான்.

அருள்நாதன் எங்கள் கேரவன் வண்டிக்கு டிரைவர். நான் வஹீதா. வண்டிக்கு உள்ளே இருக்கிற அத்தனைக்கும் நான் பொறுப்பு. முதலாளி தாயுமானவன் சார், எடமலைப்பட்டி புதூரில் ஷெட் போட்டு இந்த ஒரே வண்டியை வைத்திருக்கிறார். பழைய மினி பஸ்ஸில் சீட்டையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, இரண்டு கட்டில், சின்ன அடுப்பு, ஃப்ரிட்ஜ், பின்பக்கம் கக்கூஸ், குளியலறை என்று கட்டியது. கோயில் கோயிலாகப் போகிற குடும்பங்கள் வாடகைக்கு எடுக்கும். போய்விட்டு வந்து வண்டியை விட்டுவிட்டுப் போகும்போது உள்ளே இருக்கிற கோலத்தைப் பார்க்கணுமே! வீட்டில் இப்படித்தான் இருப்பார்களா என்று தோன்றும். தோன்றினால் சொல்லியும் விடுவேன். வாயை அடக்கு என்று என் மகள் ஆஃப்ரின் கூடச் சொல்லிப் பார்த்து ஓய்ந்துவிட்டாள்.

குவைத்தில் ஆறு வருஷம் ஒரு வீட்டில் வேலை பார்த்தவள் நான். குளிர்காலம் வந்தால் அந்தக் குடும்பம் பாலைவனத்தில் கேரவனைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வாரக்கணக்கில் அங்கேயே கிடக்கும். அந்த வண்டிக் குளியலறைக் கதவில் ஒரு சொட்டு நீர்க்கறை இருந்தாலும் மேடம் ஊரைக் கூட்டிவிடுவாள். அழுதுகொண்டே கற்றுக்கொண்ட வேலை இது. வயிற்றுக்காகக் கற்றது மறக்காது.

எங்கள் வண்டியில் இருப்பதும் அதே மாதிரி இழுத்துச் சாத்துகிற கதவுதான். பார்த்தால் கண்ணாடி போல இருக்கும், ஆனால் அக்ரிலிக். வெளிச்சம் வரும், ஆள் உருவம் தெரியாது. மேலே இரண்டு சக்கரம், கீழே இரண்டு சக்கரம், ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவுதான். கீழ்ச் சக்கரம் ஓடுகிற அலுமினியத் தடத்தைக் கடைக்காரர்கள் ட்ராக் என்பார்கள். நான் தண்டவாளம் என்றுதான் சொல்வேன். அதில் ஒரு சின்ன உளுந்து கிடந்தாலும் கதவு நின்றுவிடும்.

ஆயுத பூஜைக்கு நாலு நாள் முன்னால் முதலாளி தன் போனை என் கையில் கொடுத்தார். "மெட்ராஸ் பார்ட்டி. வாடகை கேக்கல, கிலோமீட்டர் கேக்கல. உள்ள சுத்தம் பண்றவங்ககிட்ட குடுங்கன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. பேசுங்க" என்றார்.

"வணக்கங்க. எம் பேரு வைஷ்ணவி" என்றது ஒரு பெண் குரல். "அந்த பாத்ரூம் கதவு ஸ்லைடிங்தானே?"

"ஆமாங்க."

"உக்காந்துண்டே, ஒரு கையால இழுத்துச் சாத்த முடியுமா?"

"சாத்தலாமே. ஏன், கையில அடிகிடி பட்டிருக்கா?"

என் வாயைப் பற்றித்தான் சொன்னேனே. அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை.

"மூணு வருஷம் முன்னாடி ஸ்கூட்டர்ல போறச்சே லாரி இடிச்சுடுத்து. இடுப்புக்குக் கீழ ஒண்ணும் தெரியாது. இடது கையில பிடிமானம் கம்மி. வலது கை நன்னா இருக்கு. அன்னிலேருந்து அம்மாதான் குளிப்பாட்டி விடறா. வீல்சேர் வாசப்படியிலயே நிக்கறதால கதவ சாத்த முடியாது. ஆஸ்பத்திரியிலயும் அப்படித்தான், ஆத்துலயும் அப்படித்தான். கதவ சாத்திண்டு குளிச்சு மூணு வருஷம் ஆச்சு."

போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டேன். அந்தப் பெண்ணே மேலே பேசினாள்.

"எங்க வீடு ஸ்ரீரங்கத்துல உத்தர வீதியில இருந்தது. இப்ப வித்தாச்சு. பெருமாள சேவிக்கப் போறதுன்னா, ஸ்நானம் பண்ணிட்டு யாரையும் தொடாம நேரா கோயிலுக்குப் போவோம். அடிபட்டதுக்கு அப்புறம் நான் போகவே இல்ல. அம்மா தினம் சொல்றா, இப்படியே வாடி, பெருமாள் ஒண்ணும் சொல்ல மாட்டார்னு. அவர் சொல்ல மாட்டார்தான். எனக்கு மனசு ஒப்பல. ஒரே ஒரு தடவை, நானே கதவ சாத்திண்டு, நானே குளிச்சு, நானே திறந்துண்டு வந்து சேவிக்கணும். உக்கார வைக்கறதுக்கு அம்மா இருக்கா. அதுக்கப்புறம் கதவு எங்கிட்ட. அது நடுவுல மக்கர் பண்ணாதுன்னு நீங்க சொன்னா வரேன். இல்லேன்னா வேண்டாம்."

"சுண்டு விரலால தள்ளுங்க, ஓடும். நான் பொறுப்பு. வாங்க" என்றேன்.

போனைத் திருப்பிக் கொடுத்தபோது முதலாளி என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை, சரஸ்வதி பூஜைக்கு மறுநாள் வண்டியை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள் என்று மட்டும் சொன்னேன்.

இரண்டு நாள் அந்தக் கதவோடு மல்லுக்கட்டினேன். ஷெட்டில் போர்த் தண்ணீர் உப்பு. போன வாடகைக்காரர்கள் வழியில் எங்கேயோ அதே மாதிரித் தண்ணீரை நிரப்பிக் குளித்திருக்கிறார்கள், கதவு முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பொரிந்து கிடந்தது. வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியில் நனைத்துக் கதவில் ஒட்டி, அரை மணி ஊறவிட்டேன். கம்பி நார் போட்டுத் தேய்க்கக் கூடாது, அக்ரிலிக்கில் கீறல் விழுந்தால் அந்தக் கீறலிலேயே அடுத்த உப்பு குடியேறும். தண்டவாளத்துக்குப் பழைய டூத் பிரஷ். அதில் தண்ணீர் வடிய இரண்டு ஓட்டை உண்டு. இரண்டுமே அடைத்திருந்தன, என் ஷால் பின்னை விட்டுக் குத்தித் திறந்தேன். கீழ்ச் சக்கரங்களில் யாருடைய முடியோ சுற்றிச் சுற்றிக் கயிறாகி இருந்தது. ஊசியால் ஒவ்வொன்றாக அறுத்தெடுத்தேன். ஓரத்து ரப்பரில் கறுப்பு படிந்திருந்ததைச் சோப்புத் துணியால் துடைத்து, எல்லாவற்றையும் ஈரம் போக ஒற்றி, கடைசியில் சிலிக்கான் ஸ்ப்ரேயைத் துணியில் அடித்து ஒரே ஒரு இழுப்பு.

அப்புறம் குளிக்கிற சீட்டில் போய் உட்கார்ந்தேன். இடது கையை என் ஷாலாலேயே முதுகுப் பக்கம் கட்டிக்கொண்டேன். காலை அசைக்காமல், வலது கைச் சுண்டு விரலால் கதவைத் தள்ளினேன். ஓடிப்போய் "டக்" என்று கொக்கியில் விழுந்தது. இருபது தடவை சாத்தினேன், இருபது தடவை திறந்தேன். அந்த "டக்" சத்தம் கேட்கக் கேட்க எனக்கே சந்தோஷமாக இருந்தது. மாஷா அல்லாஹ், வஹீதா, நீ பலே வேலைக்காரி என்று சொல்லிக்கொண்டு பூஜை அன்று மத்தியானம் பீமநகருக்கு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஷெட்டுக்கு வந்தேன். வண்டிக்கு வாழைக்கன்று கட்டி மாலை போட்டிருந்தது, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடந்தது. எல்லாம் அருள்நாதன் வேலை. அவன் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். ஆனால் ஆயுத பூஜை வந்துவிட்டால் முதலாளியையே ஓரங்கட்டிவிட்டுச் சந்தனக் கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொள்வான். ஸ்டீயரிங்கில் பொட்டு, ஃப்ரிட்ஜில் பொட்டு, அடுப்பில் பொட்டு, மிக்ஸியில் பொட்டு. சிரித்துக்கொண்டே குளியலறைக்குள் போனவள் அங்கேயே நின்றுவிட்டேன்.

கதவில் ஒரு பெரிய சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். அது போகட்டும். கீழே தண்டவாளத்தில், சக்கரம் ஓடுகிற பள்ளத்துக்குள்ளேயே, மூன்று பொட்டு. கொழுக்கட்டை மாவு மாதிரி விரல் விரலாக எடுத்து அப்பியிருந்தான். ராத்திரி முழுக்கக் காய்ந்து கெட்டித்துப் போயிருந்தது.

துணியை நனைத்துவிட்டேன். குனிந்தும் விட்டேன். கை போகவில்லை.

சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜில் முன்பு வேலை பார்த்தேன். பூஜைக்கு மறுநாள், லிஃப்ட் பட்டனில் இருந்த குங்குமம் போகிறவர் வருகிறவர் கையிலெல்லாம் ஒட்டுகிறதே என்று துடைத்தேன். மேனேஜர் பார்த்துவிட்டான். "வேணும்னே அழிச்சிருக்க" என்றான். அந்த "வேணும்னே" என்ற வார்த்தையை ரிசப்ஷனில் அத்தனை பேர் முன்னால் வைத்துச் சொன்னான். நான் பதில் சொன்னேன், அவனும் சொன்னான், அன்றோடு அந்த வேலை போனது. வேலை போனது கூடப் பெரிதில்லை. ஏழு மாதம் என் கையால் சோறு வாங்கித் தின்ற வாட்ச்மேன் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டைத் திறந்துவிட்டான். அதுதான் இன்னும் வலிக்கிறது.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை அண்டுமா? ஈரத் துணியைப் பிழிந்து ஓரமாகப் போட்டேன். பொட்டு வைத்தவனே வந்து துடைக்கட்டும் என்று நினைத்தேன். கதவை மெல்லத் தள்ளிப் பார்த்தேன். மூன்று இடத்திலும் லேசாகக் "கரக்" என்றது, ஆனாலும் ஓடியது. காய்ந்துதானே இருக்கிறது, தாங்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தண்ணீர் பட்டால் காய்ந்த சந்தனம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவளுக்கு அது தெரியாதா?

ஒன்பது மணிக்குத்தான் அருள்நாதன் அரக்கப் பரக்க வந்தான். "ரயிலு வந்துடுச்சுக்கா, ஏறுங்க ஏறுங்க" என்றான். ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. இவனும் "ஏன்க்கா, நீங்களே தொடைக்கலாமே" என்று கேட்டுவிட்டால் காரணம் சொல்ல வேண்டிவரும். அந்தக் கதையை அவனிடம் சொல்ல எனக்கு மானம் இடம் கொடுக்கவில்லை.

ஜங்ஷனில் வைஷ்ணவியும் அவள் அம்மா கமலவல்லி மாமியும் காத்திருந்தார்கள். வைஷ்ணவிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான முகம், நீளமான முடி. வீல்சேரை சாய்வுப் பலகையில் ஏற்றி உள்ளே கொண்டுவந்ததும் கட்டிலைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்க்கவில்லை, நேரே குளியலறைக் கதவைத்தான் பார்த்தாள். சந்தனப் பொட்டைப் பார்த்துச் சிரித்தாள்.

"கதவுக்குக் கூடப் பூஜை நன்னா பண்ணியிருக்கேளே."

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். நானும் சிரித்து வைத்தேன்.

காவிரிப் பாலம் தாண்டி, பஞ்சக்கரை ரோட்டில் வண்டிகள் நிற்கிற மைதானத்தில் ஓரமாக நிறுத்தினோம். அருள்நாதன் இறங்கி வேப்ப மரத்தடிக்குப் போய்விட்டான். மணி பத்தே முக்கால். மாமி மகளைத் தூக்கிக் குளிக்கிற சீட்டில் உட்காரவைத்தார். சீயக்காய், சொம்பு, துண்டு, கட்டிக்கொள்ளப் புடவை எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் வைத்தார். வைத்ததையே மறுபடி நகர்த்தி வைத்தார்.

"போறும்மா. வெளில போ" என்றாள் வைஷ்ணவி.

மாமி வெளியே வந்தார். கதவு நகர்ந்தது. மூன்று தடவை "கரக்" என்றது எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். அப்புறம் "டக்".

மாமி கதவுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார், நடை பழகுகிற குழந்தைக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி. உள்ளே தண்ணீர் விழத் தொடங்கியது. அதற்கு நடுவில் அந்தப் பெண் ஏதோ முணுமுணுத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள், பாசுரமாக இருக்கும். மாமி கண்ணை மூடிக்கொண்டார். நானும் அல்லாவிடம் கேட்டுக்கொண்டேன், இந்த ஒரு தடவை என்னைக் காப்பாற்றிவிடு என்று.

ஐந்து நிமிஷம் இருக்கும். தண்ணீர் நின்றது. திறக்க வருகிறதா என்று நடுவிலேயே இழுத்துப் பார்த்தாள் போல, கதவு ஒரு சாண் திறந்தது. கறகறவென்று ஒரு சத்தம், தடக்கென்று இன்னொரு சத்தம். கதவு ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டது.

"அம்மா!" என்று உள்ளிருந்து ஒரு கூச்சல். அடுத்த நொடியே, "ஒண்ணுமில்ல, வராதே. வராதேங்கறேன்!"

மாமி அந்த இடுக்கில் கையை விட்டு இழுத்தார். கதவு அசையவில்லை. "ஐயோ, கொழந்த உள்ள மாட்டிண்டுட்டாளே, வழுக்கி விழுந்தா என்ன பண்ணுவேன், டிரைவர், டிரைவர்!" என்று ஜன்னல் வழியாகக் கத்தினார். அருள்நாதன் ஒரு கையில் போனும் ஒரு கையில் டயர் கழற்றுகிற லிவருமாக ஓடிவந்தான்.

நான் வண்டிப் படியில் குறுக்கே நின்றேன். "ஒரு கால உள்ள வச்ச, அந்தக் காலு உனக்கு இல்ல."

"அக்கா, முதலாளிகிட்ட பேசிட்டேன். கதவு போனா போவுது, ஒடைச்சு ஆள வெளிய எடுங்கன்னுட்டாரு."

"முதலாளி சொல்லுவாரு. உள்ள இருக்கிறது முதலாளி இல்ல, துணியில்லாம ஒரு பொம்பளப் புள்ள. போ அங்கிட்டு."

அவன் முகம் செத்துப்போனது. லிவரைக் கீழே போட்டுவிட்டு மறுபடி மரத்தடிக்கே போனான். நான் குளியலறைக்கு முன்னால் வந்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு மண்டியிட்டேன்.

"வைஷ்ணவிம்மா, நான் வஹீதா. கீழச் சக்கரம் எறங்கிடுச்சு. வெளிய புடிச்சுத் தூக்கப் புடி இல்ல, உங்க பக்கந்தான் கைப்புடி. ரெண்டு வழி இருக்கு. ஒடைக்கலாம், அதுக்கு அருள் வரணும். இல்ல, நீங்க உள்ளேருந்து கதவ ஒரு அங்குலம் தூக்கிப் புடிச்சா, நான் கீழ சுத்தம் பண்ணி ஏத்திடுவேன். எது செய்யட்டும்?"

உள்ளே அவள் கைப்பிடியை ஆட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது.

"ஒடைக்க வேண்டாம்" என்றாள். "ஒரு கையால தூக்க முடியுமா?"

"கனம் இல்லம்மா. கையால புடிச்சு, தோளால முட்டுக் குடுங்க. நான் கண்ண மூடிக்கிறேன். அல்லா மேல ஆணையா தொறக்க மாட்டேன்."

கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். இடுக்கு வழியாகக் கையை உள்ளே விட்டுத் தண்டவாளத்தைத் தடவினேன். என் வாக்கு அங்கே கிடந்தது, பிசுக்குப் பிசுக்கென்று. காய்ந்த சந்தனம் ஊறிப் பசையாகிக் குங்குமத்தோடு குழைந்து, சக்கரம் ஏறி இறங்கி ஏறி இறங்கி, கடைசியில் அதையே மேடாக்கிக்கொண்டு வெளியே குதித்திருக்கிறது. தண்ணீர் வடிகிற ஓட்டையும் அடைத்துவிட்டது. விரல் போகாத இடம். ஷால் பின்னைக் கழற்றி அதனால் சுரண்ட ஆரம்பித்தேன். ஷால் நழுவித் தோளில் விழுந்தது. எடுத்துப் போடக் கை இல்லை.

சுரண்டும்போது ஈரமாக ஏதோ கையில் பட்டது.

"உங்க கால்ல எங் கை பட்டுடுச்சும்மா. மன்னிச்சுக்கங்க. யாரையும் தொடாமப் போகணும்னீங்க."

"பட்டுதா?" என்றாள். "எனக்குத் தெரியலையே. சொன்னாத்தானே தெரியும்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அழுகை வந்துவிட்டது. கோபத்தில் வருகிற அழுகை, என் மேலேயே வந்த கோபம்.

"சொல்ல வேண்டியது இன்னொண்ணும் இருக்கும்மா. இது சந்தனம். காலையில ஆறு மணிக்கே பாத்தேன். தண்ணி பட்டா மாட்டிக்கும்னும் தெரியும். தொடைக்கல."

"ஏன்?"

லாட்ஜ் கதையைச் சொன்னேன். வேலையை நிறுத்தாமல், கண்ணைத் திறக்காமல், கதவின் அந்தப் பக்கத்துக்குச் சொன்னேன். லிஃப்ட் பட்டன், மேனேஜர், "வேணும்னே" என்ற வார்த்தை, கேட்டைத் திறந்துவிட்ட வாட்ச்மேன், எல்லாம். ஆஃப்ரினிடம் கூட முழுசாகச் சொன்னதில்லை.

கதவு நடுங்கிக்கொண்டிருந்தது. தோளால் தாங்கிக்கொண்டிருந்தாளே.

"நான் உள்ள வந்தப்பவே பொட்டப் பாத்தேன். உங்ககிட்ட பேசினேன்" என்றாள். குரல் கெட்டியாக இருந்தது. "அப்ப எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா, தொடைங்கோன்னு சொல்லியிருப்பேன். நான் என்ன நெனைப்பேன்னு நீங்களே முடிவு பண்ணிட்டேள். எங்காத்துல எல்லாரும் அப்படித்தான். இவளுக்கு இது வலிக்கும், இவளால அது முடியாது, இவ தப்பா எடுத்துப்பா. ஒருத்தரும் எங்கிட்ட கேக்க மாட்டா. கதவு ஓடுமான்னு கேட்டப்ப நீங்க ஒருத்தர்தான் கையில என்ன அடின்னு நேருக்கு நேர் கேட்டேள். அதான் வந்தேன். நீங்களுமா?"

திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அந்த "நீங்களுமா"வைக் கேட்டதும் சுரண்டுவதை நிறுத்திவிட்டேன். பின்னால் மாமி விசும்புகிற சத்தம் கேட்டது.

"தப்புதாம்மா" என்றேன். ஐம்பத்திரண்டு வயதில் அந்த வார்த்தையை நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். "இப்ப கேக்கிறேன். இந்தச் சந்தனத்த எடுக்கட்டுமா?"

"எடுங்கோ."

எடுத்தேன். பின் முனையால் கிளறி, விரல் நுனியால் வழித்து, என் ஷாலிலேயே துடைத்துத் துடைத்து எடுத்தேன். ஓட்டையைக் குத்தித் திறந்தேன். சொம்பில் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். தோளைக் கதவிலிருந்து எடுக்காமல் எப்படியோ ஊற்றினாள். அடைபட்டிருந்த தண்ணீர் மளமளவென்று வடிந்து போனது. மறுபடி தடவினேன். தண்டவாளம் வெறும் அலுமினியமாக, வழவழவென்று இருந்தது.

"இன்னும் கொஞ்சம் தூக்குங்க. இன்னும். யா அல்லா, அப்படித்தான். இப்ப மெல்ல விடுங்க."

சக்கரம் இரண்டும் பள்ளத்தில் உட்கார்ந்தன. விரலால் கதவை முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தேன். ஓடியது.

"ஏறிடுச்சும்மா. ஓடுது" என்றேன். கண் இன்னும் மூடித்தான் இருந்தது. "முழுசாத் தொறந்துவிடட்டுமா? மாமி உள்ள வரட்டுமா?"

மேல்மூச்சு வாங்குவது கேட்டது. வலி இருக்கும், தோள் சிவந்து போயிருக்கும், தலையெல்லாம் சீயக்காய் அப்படியே இருக்கும். பாவம், வெளியே வந்தால் போதும் என்றிருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன். மாமி துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு என் தலைக்கு மேல் வந்து நின்றுவிட்டார்.

என் விரலுக்கடியில் கதவு நகர்ந்தது. திறக்கிற பக்கம் இல்லை. விரலை விட்டு விலகி, எதிர்ப்பக்கம் போனது. "கரக்" இல்லை, எதுவும் இல்லை, வழுக்கிக்கொண்டு போய் "டக்" என்று விழுந்தது. தண்ணீர் விழ ஆரம்பித்தது. அந்தப் பெண் முதலிலிருந்து குளிக்கத் தொடங்கிவிட்டாள்.

நான் கண்ணைத் திறந்தேன். எதிரே மூடின கதவு. அந்தப் பெரிய பொட்டு மட்டும் மேலே அப்படியே இருந்தது.

மாமிக்கு ஒன்றும் புரியவில்லை. துண்டை மடித்தார், விரித்தார். "என்னம்மா இது, மறுபடியும் சாத்திண்டுட்டாளே. மணி பதினொண்ணரை ஆகப் போறது. நடை சாத்திடுவாளே" என்று கதவைத் தட்டக் கையை ஓங்கினார்.

அந்தக் கையை நான் பிடித்துக்கொண்டேன். "தட்டாதீங்க மாமி. நடை சாத்தினா சாயங்காலம் தொறப்பாங்க. அவங்க நிதானமா குளிச்சுட்டு வரட்டும். தொட்டியில தண்ணி இருக்கு. வாங்க, வந்து உக்காருங்க."

கட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு வந்து உட்காரவைத்தேன். உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். இரண்டு கையையும் மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு வருஷமா அவ குளிக்கறச்சே நான் நின்னுண்டேதான் இருப்பேன்" என்றார். "இப்ப நான் என்ன பண்றதுன்னே தெரியலையேம்மா."

"ஒண்ணும் பண்ண வேணாம் மாமி" என்றேன்.

ஷாலை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டேன். அதில் முழுக்கச் சந்தனமும் குங்குமமும் ஈஷியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே அருள்நாதன் தூரத்தில் நின்று என்ன ஆச்சு என்று கையால் கேட்டான். உட்காருடா என்று நானும் கையாலேயே சொன்னேன். அப்புறம் மாமியும் நானும் பக்கத்தில் பக்கத்தில், உள்ளே தண்ணீர் விழுவதைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தோம்.